ஆளில்லாத பனி

அக்டோபர் பிறந்தால் போதும், நம் சினிமா நண்பர்களுக்குப் பட்டியல் காய்ச்சல் வந்துவிடுகிறது. பார்த்தே தீரவேண்டிய பத்துப் பேய்ப்படங்கள், தனியாகப் பார்க்கக் கூடாத ஏழு படங்கள், பனிப்பிரதேச ரத்தக்காட்டேரிகள் என்று வரிசையாக வரும். படங்கள் மாறும், எண்கள் மாறும். ஒரு வாக்கியம் மட்டும் மாறவே மாறாது: 'இந்தப் படத்தில் பனியும் ஒரு பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறது.' பனி எப்படிங்க வாழும்? யாரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் இதே வாக்கியத்தை ஒரு விமர்சனத்தில் எழுதி, அதை நல்ல வரி என்று நம்பிக்கொண்டிருந்தவன்தான். அதனால் இதைத் திட்டும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

என் புகார் இதுதான். குளிர்ப்பிரதேசக் காட்டேரிப் படங்களில் பனி 'பாத்திரம்' ஆவதற்கு முன்னால் இன்னொன்று நடந்து முடிந்திருக்கும். அங்கே நெடுங்காலமாக வாழும் மனிதர்களைச் சட்டகத்திலிருந்து வெளியேற்றியிருப்பார்கள். ஊரைக் காலி செய்துவிட்டு, காலியாக இருக்கிறதே, எவ்வளவு பயமாக இருக்கிறது பாருங்கள் என்று நமக்குக் காட்டுவார்கள். நாமும் 'என்னா அட்மாஸ்பியர்!' என்று எழுதுவோம்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் தப்பித்துக்கொள்ள இடம் கிடைக்கும். ஆகவே ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பட்டியலிலும் முதல் மூன்று இடத்துக்குள் வரும் படம். 2007இல் டேவிட் ஸ்லேட் இயக்கிய '30 டேஸ் ஆஃப் நைட்'.

கதை எல்லாருக்கும் தெரியும். அலாஸ்காவின் வடகோடியில் பேரோ என்ற சிற்றூர். குளிர்காலத்தில் ஒரு மாதம் சூரியன் வராது. ஊரில் பெரும்பகுதியினர் கடைசி விமானத்தைப் பிடித்துத் தெற்கே போய்விட, மிச்சமுள்ளவர்கள் இருட்டுக்குத் தயாராகிறார்கள். கரையோரம் உறைபனியில் ஒரு கப்பல் நிற்கிறது. அதிலிருந்து ஒருவன் நடந்து வருகிறான். தொலைபேசிகள் எரிக்கப்படுகின்றன, சறுக்குவண்டி நாய்கள் கொல்லப்படுகின்றன, ஹெலிகாப்டர் நாசமாக்கப்படுகிறது. பிறகு காட்டேரிகள் வருகின்றன. முப்பது நாளைக்கு விடியல் இல்லை; தின்று தீர்க்க வேண்டியதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, யோசனை பிரமாதம். சூரிய ஒளி பட்டால் காட்டேரி சாகும் என்பது பழங்கால நம்பிக்கை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சினிமா கொடுத்த விதி. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார்; சக்தி குறையுமே தவிர சாம்பலாக மாட்டார். 1922இல் முர்னாவ் எடுத்த 'நாஸ்ஃபெராட்டு'வில்தான் விடியல் காட்டேரியைக் கொன்றது. அந்த விதியை எண்பது ஆண்டுகளாக எல்லாரும் இருட்டு அறை, சவப்பெட்டி, கனத்த திரைச்சீலை என்று வளைத்துக்கொண்டிருந்தபோது, விடியலே இல்லாத ஊருக்குக் காட்டேரியை அனுப்பினால் என்ன என்று கேட்டது ஸ்டீவ் நைல்ஸ் எழுதி பென் டெம்பிள்ஸ்மித் வரைந்த 2002ஆம் ஆண்டு காமிக்ஸ். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது தோன்றவே தோன்றாது. இங்கே பொந்தியானாக்குக்கு வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர வேலைதான், ஓவர்டைம் கிடையாது.

ஸ்லேட்டின் படத்திலும் நல்ல இடங்கள் உண்டு. தெரு முழுக்கக் கொலை நடப்பதை மேலிருந்து ஒரே நகர்வில் காட்டும் அந்தக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றில் ஏதோ செய்கிறது. காட்டேரிகள் காதலிக்காமல், கவிதை பேசாமல், தமக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு மொழியில் கரகரத்துக்கொண்டு பசியோடு திரிகின்றன. ஆக, மோசமான படத்தைப் போட்டு அடிக்கவில்லை. நல்ல யோசனையைக் கையில் வைத்திருந்த படம் எதைக் கண்ணெதிரே தவறவிட்டது என்றுதான் கேட்கிறேன்.

முதலில் ஊரைப் பார்ப்போம். படத்தில் பேரோ ஒரு மாதம் துண்டிக்கப்பட்டு, ஆளொழிந்து கிடக்கும் குக்கிராமம். நிஜத்தில் 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி 4,927 பேர் வாழும் ஊர் அது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்யுபியாட் மக்கள். பள்ளிக்கூடம், கல்லூரி, மருத்துவமனை எல்லாம் உண்டு. குளிர்காலத்திலும் ஜெட் விமானம் வந்து போகிறது. இருட்டுக்குப் பயந்து யாரும் ஊரைக் காலி செய்து ஓடுவதில்லை. இருட்டும் முப்பது நாள் இல்லை. நவம்பர் 18 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 22, 23 வாக்கில்தான் திரும்புகிறது. ஏறக்குறைய அறுபத்தைந்து நாள். கணக்கைப் பாதியாகக் குறைத்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. 'அறுபத்தைந்து நாள் இரவு' என்று தலைப்பு வைத்தால் போஸ்டரில் எடுபடாது. ஆனால் படம் காட்டும் அந்தத் தார்க் கறுப்பு? டிசம்பர் 21இல்கூட அங்கே நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் அடிவானத்தில் வெளிச்சம் பரவும். சூரியன் தலைகாட்டாத அந்தி வெளிச்சம். பனி முழுக்க நீலமாகும் நேரம். காட்டேரிக்கு அந்த வெளிச்சம் ஆகுமா ஆகாதா? தினமும் மூன்று மணி நேரம் அந்தச் சந்தேகத்தோடு ஒளிந்திருப்பதைவிடப் பதற்றமான ஒன்றை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கேட்டு வாங்க முடியாது. ஊரே இலவசமாகக் கொடுக்கிறது. படம் வாங்கிக்கொள்ளவில்லை. காரணம், படம் அந்த ஊருக்குப் போகவே இல்லை. நியூசிலாந்தில் செயற்கைப் பனி போட்டு எடுத்தார்கள்.

அது தப்பில்லை. சினிமா என்றாலே அப்படித்தான். 'லெட் த ரைட் ஒன் இன்' படத்தையும் கதை நடக்கும் ஸ்டாக்ஹோமில் பனி போதாது என்று பெரும்பகுதி வடக்கே லூலியோவில்தான் எடுத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். உடல் போகாவிட்டாலும் மனசாவது போயிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மனசு போகவில்லை என்பதற்கு ஒரு சின்னச் சான்று போதும். காமிக்ஸில் கதாநாயகன் பெயர் ஏபன் ஒலெமான். ஒலெமான் என்பது வடக்கத்தி இனுயிட் குடும்பங்களில் உள்ள பெயர். படத்தில் அவன் ஏபன் ஓல்சன். ஜோஷ் ஹார்ட்னெட் நடிக்கிறார். ஒரு பெயரின் வாலை நறுக்கி ஸ்காண்டிநேவியாக்காரனாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான், இதற்கெல்லாமா கட்டுரை என்று கேட்கலாம். பொறுங்கள். 'ஏபன்' என்ற முதல் பெயரைப் பாருங்கள். அந்த ஊரில் பிறந்த ஏபன் ஹாப்சன் என்ற இன்யுபியாட் தலைவர் ஒருவர் இருந்தார். 1968இல் ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும், வெளியாட்கள் உறிஞ்சிக்கொண்டு போகும் செல்வத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் உள்ளூர்க்காரன் கையில் இருக்க வேண்டும் என்று போராடி, 1972இல் நார்த் ஸ்லோப் பரோ என்ற உள்ளாட்சி அமைப்பு உருவானபோது அதன் முதல் மேயரானவர். 1977இல் அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து இனுயிட் மக்களை முதன்முதலாக ஒரு மாநாட்டில் சேர்த்தார். மாநாடு நடந்த இடம் பேரோ. உலகத்தின் விளிம்பு, யாருமற்ற வெளி என்று படம் சொல்கிற அதே இடம். அங்கே பிறந்தவனுக்கு அது விளிம்பில்லை. மாநாடு கூட்டுகிற நடு ஊர்.

'பேரோ' என்ற பெயரே இந்தக் கதையைச் சொல்லும். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் உட்கார்ந்து வடதுருவப் பயணங்களுக்கு ஆளனுப்பிக்கொண்டிருந்த சர் ஜான் பேரோ என்ற அதிகாரியின் பெயர் அது. அவர் அந்தக் கரையைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காதவன் பெயரை ஊருக்கு வைப்பதும், போகாமல் அந்த ஊரைப் படமெடுப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு வடிவங்களாகவே எனக்குப் படுகின்றன. 2016இல் ஊர்க்காரர்கள் வாக்களித்துப் பழைய பெயரான உட்கியாக்விக் என்பதை மீட்டுக்கொண்டார்கள். நம் பட்டியல்களில் இன்னும் பேரோதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். படத்தின் தொடக்கத்தில் ஒரு கப்பல் நிற்கிறது என்றேன் அல்லவா? அந்தக் கப்பல் படத்தின் மிகப் பெரிய பரிசு. படம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

1848இல் முதல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் பெரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே நுழைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எதற்கு? திமிங்கிலத்தின் கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்க எண்ணெய். அதன் வாயிலுள்ள தகடுகளைப் பிளந்தால் சீமாட்டிகளின் இடுப்பைப் பிடிக்கும் கச்சைக்கு விறைப்புக் குச்சி. தூர தேசத்து வரவேற்பறைகள் வெளிச்சமாக இருக்க, இந்தக் கடல் வற்றிக்கொண்டிருந்தது. பேராசை எந்த அளவுக்கு என்றால், 1871இல் பனி நெருக்கும்வரை கடலைவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் 33 கப்பல்கள் சிக்கிக்கொண்டன. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கப்பல்களை அப்படியே விட்டுவிட்டுப் படகுகளில் தப்பித்தார்கள். கப்பல்காரர்கள் கொண்டுவந்தது சாராயம், துப்பாக்கி, அந்த மக்களின் உடம்பு அதுவரை அறியாத நோய்கள். திமிங்கிலம் குறைந்ததும் வால்ரஸ்களைக் கொன்றார்கள். வால்ரஸை நம்பி வாழ்ந்த கரையோரக் கிராமங்கள் பட்டினியில் விழுந்தன.

கப்பலில் வந்த அந்நியர்கள், உயிர்ச்சத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஊரை வெறுமையாக்கிவிட்டுப் போகிறார்கள். இதைவிடத் துல்லியமான ரத்தக்காட்டேரிக் கதை உலகத்தில் எந்தக் கடற்கரைக்கு உண்டு? டிராகுலாகூட இங்கிலாந்துக்குக் கப்பலில்தான் வந்தார். அந்நியன் வந்து நம் ரத்தத்தைக் கெடுத்துவிடுவானோ என்ற ஏகாதிபத்தியத்தின் சொந்தப் பயம் அந்த நாவலுக்குள் இருக்கிறது என்று எழுதி எழுதி ஆய்வாளர்கள் களைத்துவிட்டார்கள். லண்டனுக்கு அது வெறும் பயம். உட்கியாக்விக்குக்கு அது வரலாறு. ஸ்லேட்டின் படத்திலும் கப்பல் வருகிறது, உறிஞ்சுகிறவர்கள் இறங்குகிறார்கள், கடைசியில் எண்ணெயைப் பரவவிட்டு ஊரையே கொளுத்தித் தடயத்தை அழிக்கப் பார்க்கிறார்கள். எண்ணெய்! அலாஸ்காவில்! உவமை வாசலில் வந்து நின்று கதவைத் தட்டுகிறது. உள்ளே வரச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அந்த வரலாற்றை உடம்பில் சுமக்கிறவர்களைத் திரைக்கதை கடைசி விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டது.

துணை ஷெரிஃபாக வருகிறவர் நியூசிலாந்தின் மாவோரி நடிகர் மனு பென்னட் என்று ஒரு நண்பர் எனக்கு நினைவுபடுத்தினார். சரிதான். படம் முடிந்த பிறகு அந்த ஊரில் பாதிக்கு மேல் இன்யுபியாட் மக்கள் வாழ்கிறார்கள் என்று படத்தை மட்டும் பார்த்த யாராவது ஊகித்துச் சொல்லட்டும், நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் வழக்கமான மறுப்பு வரும். எனக்கே நேரில் வந்தது. 'காட்டேரிப் படத்துல போயி சென்சஸ் கணக்கு பார்க்கிறியே, ஜாலியா பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே லா?' நியாயமான கேள்விபோலத் தெரியும். நான் அரசியல் சரித்தன்மைக்காக மார்க் போடவில்லை. ஆட்களைக் காலி செய்ததால் படம் பயமுறுத்துவதிலேயே தோற்கிறது என்கிறேன். கேளுங்கள்.

படத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் எங்கே ஒளிகிறார்கள்? ஒரு வீட்டுப் பரணில். நாள்கணக்காகப் பசியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கிறார்கள். அமெரிக்காவில் எந்த ஊர் வீட்டுக்கும் பொருந்தும் பரண். அந்த ஊரில் நிஜமாக இருப்பது என்ன தெரியுமா? நிரந்தரமாக உறைந்த மண்ணைத் தோண்டி இறக்கிய நிலவறைகள். மேலே ஒரு மூடி. ஏணியில் இறங்கினால் பனிக்கட்டி பூத்த சுவர், உள்ளே திமிங்கில இறைச்சியும் கொழுப்பும். குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் குளிர் அறை. காட்டேரிக்குப் பயந்து ஐந்து பேர் அந்தக் குழிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். சாப்பாடு இருக்கிறது, சூடு இல்லை. வெளியே போனால் பற்கள், உள்ளே இருந்தால் உறைவு. மேலே மூடியின்மீது ஏதோ நடக்கிறது. எனக்கு எழுதும்போதே கை சில்லிடுகிறது. இந்தக் காட்சியை எடுக்க ஒரு இன்யுபியாட் பாட்டியிடம் 'உங்க வீட்டுல சாப்பாட்டை எங்கம்மா வைப்பீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். (நிலத்தடியில் தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் போகும் யூட்டிலிடோர் என்ற சுரங்கம் அந்த ஊரில் உண்டு. படம் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பெயர் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஆள் எடுக்கத் தெரியவில்லை.)

இன்னொன்று. இருட்டில், கொல்லும் குளிரில், வெள்ளைக் கரடி எந்த நேரமும் ஊருக்குள் வரக்கூடிய இடத்தில் வாழ்கிறவர்கள், வேட்டையாடப்படும்போது ஹாலிவுட் சிற்றூர்க்காரர்கள்போல ஒவ்வொருவராகக் கத்திக்கொண்டு ஓடிச் சாவார்களா? 1961இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பருவம் தவறி வாத்து சுட்டதாக அந்த ஊரில் சிலரை வனத்துறை அதிகாரி பிடித்தார். சட்டத்தை எழுதியவர்கள் வாத்து தெற்கே பறக்கும் மாதங்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். சட்டம் வேட்டைக்கு அனுமதிக்கும்போது வடக்கில் வாத்தே இருக்காது. அதன்பின் 138 பேர் ஆளுக்கொரு வாத்தோடு வந்து, நாங்களும் சுட்டோம், எங்களையும் பிடி என்று நின்றார்கள். அதிகாரியால் என்ன செய்ய முடியும்? ஊரையே எந்தச் சிறையில் போடுவது? இப்படி ஒன்றாக வந்து நிற்கத் தெரிந்த ஊர் அது. ஒரு படகுக் குழுவே சேர்ந்து திமிங்கிலம் பிடித்து, ஊரே சேர்ந்து இழுத்து, பங்கு வைத்துச் சாப்பிடுகிற ஊர். அப்படிப்பட்ட ஒன்றைக் காட்டேரிக் கூட்டம் எதிர்கொண்டால் இரண்டு பக்கமும் வேட்டைக்காரர்கள். அதில் ஊர் தோற்றால் நமக்கு எப்படி வலித்திருக்கும்! படத்தில் சாகிறவர்கள் யாரென்றே தெரியாததால் அவர்களின் சாவை எண்ணிக்கையாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

நிஜமாகவே ஆளில்லாத குளிர் வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. அண்டார்டிக்காவுக்குப் போங்கள். அங்கே பூர்வகுடி கிடையாது. ஜான் கார்ப்பென்டர் 1982இல் 'தி திங்' படத்தை அங்கேதான் வைத்தார். ஒரு ஆய்வு நிலையம், ஒரு டஜன் ஆண்கள். அந்தத் தனிமை யாரையும் அழித்து வரவழைத்த தனிமை இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஜான் கேம்பெல்லின் மூலக்கதையும் அண்டார்டிக்காவில்தான் நடக்கிறது. 1951இல் ஹாவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில் முதல்முறை படமானபோது அதை வடதுருவப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படத்தின் வேற்றுக்கிரக ஜந்துவும் ரத்தம் குடித்துத்தான் வளர்கிறது. தென்துருவத்தின் வெறுமையை அப்படியே வடதுருவத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள். இரண்டும் வெள்ளையாகத்தானே இருக்கின்றன, யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது!

சுவீடனின் 'ஃப்ராஸ்ட்பைட்டன்' (2006) ஸ்லேட்டின் படத்துக்கு ஓராண்டு முன்பே துருவ இரவில் காட்டேரியை விட்ட படம். நகைச்சுவைப் படம், நாய்கள் பேசும், சிரிக்கலாம். லாப்லாந்து சாமி மக்களின் நிலம் (நம்ம சாமி இல்லை, வடக்கில் கலைமான் மேய்க்கும் பழங்குடி). படத்துக்கு அது பதின்வயதினரின் கூத்து நடக்கும் பின்திரை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது நான் கொண்டாடும் படத்துக்கு வருகிறேன். தோமஸ் ஆல்ஃப்ரெட்சனின் 'லெட் த ரைட் ஒன் இன்' (2008). இதையும் நம் நண்பர்கள் அதே 'பனி ஒரு பாத்திரம்' டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். படத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். கதை நடப்பது எந்த வனாந்தரத்திலும் இல்லை. ஸ்டாக்ஹோமின் பிளாக்கெபெரி. ஐம்பதுகளில் அடுக்குமாடிகளாக எழுந்த புறநகர். சுரங்க ரயிலில் ஏறினால் தலைநகரின் நடுவில் இறங்கலாம். மூலநாவலை எழுதிய யோன் ஐவிடே லிண்ட்க்விஸ்ட் வளர்ந்த இடம். தனக்குத் தெரிந்த படிக்கட்டு, தனக்குத் தெரிந்த விளையாட்டுத்திடல், தனக்குத் தெரிந்த குடிகாரர்கள்.

அந்தக் குடிகாரர்கள்தான் விஷயம். வீடு நிறையப் பூனை வளர்க்கும் ஒரு ஆள், ஜன்னல் வழியாகத் தன் நண்பன் கொலை செய்யப்படுவதைப் பார்க்கிறான். போலீஸுக்குப் போகமாட்டான். கூட்டாளிகளிடம் சொல்வான், சாட்சி சொல்ல வரமாட்டான். பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு பையன் பள்ளியில் தினமும் அடிவாங்கிவிட்டு வந்து கத்தியை வைத்துத் தனியாக மரத்தைக் குத்துகிறான். அவன் அம்மாவுக்குத் தெரியாது. வெறுங்காலோடு பனியில் நிற்கும் அந்தப் பிள்ளைக்குக் குளிரே உறைப்பதில்லை. மற்ற எல்லாருக்கும் உறைக்கிறது, ஆனால் யாரும் யாரையும் போர்த்துவதில்லை. இது ஆள் நிறைந்த பனி. சுற்றிலும் நூறு ஜன்னல், எல்லாவற்றிலும் விளக்கெரிகிறது. காட்டேரி வருவதற்கு முன்பே அந்த இடம் ரத்தம் இழந்து போயிருக்கிறது. கொலை செய்து ஏரிக்குள் தள்ளிய உடல், பள்ளிப் பிள்ளைகள் சறுக்கி விளையாடப் போகும் நாளில் பனிக்கட்டிக்குள்ளிருந்து வெளிப்படும். ஊர் எதை மறைத்தாலும் அதன் விளையாட்டு மைதானத்துக்கே வந்து சேரும். இதைத்தான் இடம் தெரிந்த படைப்பு என்பேன். பனியை லூலியோவிலிருந்து கடன் வாங்கினாலும் மனிதர்களைக் கடன் வாங்கவில்லை.

இதே கதையை 2010இல் அமெரிக்கர்கள் 'லெட் மீ இன்' என்று மறுபடி எடுத்தபோது லாஸ் அலமோஸில் வைத்தார்கள். அணுகுண்டு பிறந்த ஊர்! தொலைக்காட்சியில் ரீகன் தீமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், அதற்குமேல் அந்த ஊர் அந்தப் படத்துக்கு எதுவும் இல்லை. பனி பெய்கிறது, அது போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்படியானால் வடதுருவ ஊரை அங்கே உள்ளவர்களோடு சேர்த்து யாருமே படமெடுக்கவில்லையா என்று கேட்டால், எடுத்திருக்கிறார்கள். நம் பட்டியல்களில் வராது. நைலா இன்னுக்சுக் என்ற இனுயிட் இயக்குநரின் 'ஸ்லாஷ்/பேக்' (2022) கனடாவின் பாங்னிர்டுங்கில் எடுத்த படம். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒன்று விலங்குகளின், மனிதர்களின் தோலுக்குள் புகுந்துகொள்கிறது. எதிர்த்து நிற்பது ஊரின் பதின்வயதுச் சிறுமிகள். நடப்பது சூரியன் மறையாத கோடைக்காலத்தில், பளிச்சென்ற வெளிச்சத்தில். இருட்டு இல்லாமலே பயமுறுத்த முடியும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. சில இடங்களில் நடிப்பு தடுமாறும், கிராஃபிக்ஸ் இளிக்கும். பரவாயில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் தங்கள் ஊரைக் கிண்டல் செய்வதும், வெளியான் ஒருவன் வந்து கைவைத்தால் அதே ஊருக்காகச் சண்டைக்கு நிற்பதும் எந்தச் செயற்கைப் பனியிலும் முளைக்காது.

உட்கியாக்விக்குக்கே ஒரு படம் உண்டு. ஆண்ட்ரூ ஒக்பேயாஹா மக்லீன் இயக்கிய 'ஆன் தி ஐஸ்' (2011). இயக்குநர் இன்யுபியாட். அந்த ஊரிலேயே எடுத்தார். பெர்லின் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு வாங்கியது. காட்டேரி கிடையாது. மூன்று இளைஞர்கள் சீல் வேட்டைக்குப் பனிக்கடல்மேல் போகிறார்கள், ஒரு சண்டை, ஒருவன் செத்துப்போகிறான். மிச்ச இருவரும் உடலை மறைத்துவிட்டு ஊருக்குப் பொய்யோடு திரும்புகிறார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் அந்தப் பொய்யை எத்தனை நாள் தூக்கிச் சுமக்க முடியும்? கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, ஒளிய ஒரு மரம் கிடையாது. ஸ்லேட் படத்தில் இந்தப் பனியில் ஆளில்லை என்பது பயம். மக்லீன் படத்தில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சித்தப்பாவும் பாட்டியும் இருக்கிறார்கள் என்பது பயம். எனக்கு இரண்டாவதில்தான் இரவு தூக்கம் போனது.

அந்தப் படத்தில் பொய்யைச் சுமந்துகொண்டு நடக்கும் கல்லியாக நடித்தவர் ஜோசையா பட்கோடக், அந்த ஊர்ப் பையன். பிறகு அலாஸ்கா சட்டமன்றத்துக்குப் போனார். 2023இல் நார்த் ஸ்லோப் பரோவுக்கு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஏபன் ஹாப்சன் முதன்முதலில் உட்கார்ந்த அதே பதவிக்கு. அடுத்த அக்டோபரில் பட்டியல் போடப்போகும் நண்பர், 'உலகின் விளிம்பில், மனித நடமாட்டமே இல்லாத பேரோவில்...' என்று ஆரம்பிக்குமுன் அந்த மேயரின் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும். எத்தனாவது இடம் கொடுப்பது என்று அப்புறம் சண்டை போடலாம்.